உயரம் குறைந்தவர்கள் தினமும் உடுத்தும் சேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தாமிரபரணிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகப் பணியில் சேரவிருக்கிறேன். ஆசிரியைகள் சேலை மட்டுமே உடுத்தி வர வேண்டும் என்பது அப்பள்ளியின் விதி. இதுவரை ஆய்வுக்கூட வேலையில் சுடிதாரும் வெள்ளை மேலங்கியுமாகவே இருந்துவிட்டதால், திருமணம், கோயில் கொடை தவிர மற்ற நாள்களில் சேலை உடுத்திப் பழக்கமில்லை. பீரோவில் இருப்பவை எல்லாம் விசேஷங்களுக்கு எடுத்த பட்டுச் சேலைகள்; அவற்றைக் கட்டிக்கொண்டு தினமும் கரும்பலகையின் முன் நிற்க முடியாது.

என் உயரம் 4 அடி 11 அங்குலம். உடல் சற்றுப் பருமன். குறிப்பாக வயிறும் மேற்கைகளும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அண்மையில் நடந்த அறிமுகக் கூட்டத்திற்கு, என் அக்காவின் செட்டிநாட்டுப் பருத்திச் சேலை ஒன்றை உடுத்திச் சென்றேன். அரக்கு நிறத்தில் பெரிய கட்டங்களும், ஏறத்தாழ ஒரு சாண் அகலத்திற்கு மஞ்சள் கரையும் கொண்ட அந்தச் சேலை அக்காவுக்கு அத்தனை எடுப்பாக இருக்கும். அவள் 5 அடி 6 அங்குலம். அன்று எடுத்த குழுப் புகைப்படத்தில் நானோ மூட்டை கட்டி நிறுத்தியதுபோல் இருக்கிறேன். இடுப்பைச் சுற்றித் துணி உப்பி நிற்கிறது, ஜாக்கெட்டின் கையில் சுருக்கம் விழுந்திருக்கிறது, முந்தானை முழங்கால்வரைகூட வரவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். குள்ளமாக இருப்பவர்கள் குறுக்குக் கோடு பக்கமே போகக் கூடாது என்கிறார் சித்தி. என் நிறத்திற்கு மஞ்சளும் வெளிர் நிறங்களும் எடுக்காது என்றார் நான் போன கடையின் விற்பனைப் பெண். கறுப்பாகவே வாங்கினால் மெலிந்து தெரியும் என்கிறாள் தோழி. ஐந்தாறு சேலைகள் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை ஒதுக்க முடியும். துணி, கரை, நிறம், ஜாக்கெட் ஆகியவற்றில் எதற்கு முதலிடம் தர வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஊடும்பாவும் எழுதியது:

சகோதரிக்கு வாழ்த்துகள். ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்தவற்றில் பெரும்பாதி வெறும் அளவுக் கணக்கு.

கடைகளில் கிடைக்கும் புடவைகள் ஏறக்குறைய எல்லாமே 46 அல்லது 47 அங்குல அகலத்தில் நெய்யப்படுபவை. கட்டப்போகிறவர் ஐந்தடியா, ஐந்தரை அடியா என்று தறிக்குத் தெரியாது. உங்கள் உயரமுள்ள ஒருவருக்குத் தொப்புளிலிருந்து தரைவரை, செருப்பின் உயரத்தையும் சேர்த்து, 36 அல்லது 37 அங்குலம்தான் வரும். ஆகவே மீதமுள்ள 9, 10 அங்குலத் துணி இடுப்பைச் சுற்றி உள்ளே செருகப்படுகிறது. அந்தத் துணி உள்பாவாடைக்குள் வயிற்றின் மீதும் இடுப்பெலும்பின் மீதும்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் அக்கா கட்டும்போது உள்ளே போவது 5, 6 அங்குலம் மட்டுமே. அதோடு கொசுவத்தையும் கணக்கிடுங்கள்: ஒவ்வொரு மடிப்பும் இரண்டு அடுக்கு என்பதால் ஆறு மடிப்பு வைத்தால் தொப்புளுக்கு நேரே பன்னிரண்டு அடுக்குத் துணி. செட்டிநாட்டுக் கண்டாங்கியைப் போன்ற தடித்த நெசவில் பன்னிரண்டு அடுக்கு என்றால் வயிறே இல்லாதவருக்கும் வயிறு தெரியும்.

இதற்கு முதல் மருந்து நூலின் பருமன். பருத்திப் புடவை வாங்கும்போது எத்தனையாம் நம்பர் நூல் என்று கேளுங்கள். 60, 80, 100, 120 என்று நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். தினசரி உடைக்கு 80-க்குக் குறையாமலும், கூடுமானால் 100 நம்பரிலும் எடுத்தால் இடுப்பில் அடையும் துணியின் கனம் வெகுவாகக் குறையும். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே சோதிக்கலாம். புடவையின் ஒரு முனையை முஷ்டியில் திரட்டிப் பிடித்து, இரண்டு முழம் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். முஷ்டியிலிருந்து நேராகக் கீழிறங்கினால் உடம்பிலும் அப்படியே இறங்கும். குடையாக விரிந்து நின்றால் இடுப்பிலும் அப்படித்தான் விரியும். இந்தச் சோதனையில் மதுரைச் சுங்குடியும், மெல்லிய மல்மல் பருத்தியும், மென்பட்டும் தேறும். சிறுமுகைப் பக்கம் நெய்யும் கோரா காட்டன் பார்க்க மிக அழகானது. ஆனால் பட்டும் பருத்தியும் கலந்த அந்தத் துணி விறைப்பாக விலகி நிற்கும். லினனும் ஆர்கன்சாவும் அப்படியே. இவை உயரமும் ஒல்லியுமான உடலுக்குச் சற்றுப் பூரிப்பைக் கொடுப்பவை. உங்களுக்கு அது தேவையில்லை. கிரேப், ஜார்ஜெட் ஆகியவை நன்றாக இறங்கும் என்பதால் அவற்றில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கரை. வெளியில் தெரியும் 37 அங்குலத்தில் 9 அங்குலத்தைக் கரை எடுத்துக்கொண்டால் உங்கள் இடுப்புக்குக் கீழே நான்கில் ஒரு பங்கு தனி நிறமாகப் பிரிந்துவிடுகிறது. அதுவும் அரக்குக்கு எதிராக மஞ்சள் என்றால் பார்ப்பவரின் கண் அந்தக் கோட்டில் நின்றுவிடும். ஒன்றரை முதல் மூன்று அங்குலம்வரையுள்ள கரை, புடவையின் உடல் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் இருந்தால் போதும். அகலக் கரைதான் வேண்டும் என்று மனம் கேட்டால் புடவையின் உடலும் கரையும் ஒரே நிறத்தில் இருக்கும்படி எடுங்கள். காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டு எதிர்நிறக் கரை சேர்த்த பட்டுகளை விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எடுப்பாகத் தெரிவதுதானே நோக்கம். கட்டம் என்றால் சிறு கட்டம். அச்சு வேலைப்பாட்டில் உள்ளங்கையை விடப் பெரிய பூக்களைத் தவிர்க்கலாம்.

நிறத்தைப் பற்றி அந்த விற்பனைப் பெண் சொன்னதைப் பொருட்படுத்தாதீர்கள். நிறத்தைச் சொல்லி வாடிக்கையாளரை மனம் சுருங்கவைப்பது எங்கள் தொழிலில் உள்ள மிக மோசமான பழக்கம். கடுகு மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு, ராமர் பச்சை ஆகியவை நம் மண்ணின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தி வந்ததால்தான் தலைமுறைகளாகத் தறியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் நெய்து, பின்பு எம்.எஸ். நீலம் என்றே பெயர்பெற்ற அந்த நீலத்தை எல்லா நிறத்தவரும் உடுத்துகிறார்கள். வெளிர் நிறங்களில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: சாம்பல் பூத்தாற்போன்ற மங்கிய வெளிர் நிறம் முகத்தையும் மங்கவைக்கும், அதே வெளிர் நிறத்தில் ஒரு தெளிவு இருந்தால் முகம் பளிச்சென்றிருக்கும். கடை விளக்கில் இந்த வேறுபாடு தெரியாது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்ப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்கக் கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.


கத்தரிக்கோல் எழுதியது:

மேலே உள்ள ஐயா புடவையைப் பற்றிச் சொல்லிவிட்டார். தஞ்சாவூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருப்பவள் நான். என்னைக் கேட்டால் உங்கள் பணத்தில் ஒரு புடவையைக் குறைத்துக்கொண்டு அந்தத் தொகையைப் பிளவுஸின் தையலுக்கு ஒதுக்குங்கள் என்பேன். அறுநூறு ரூபாய்ப் புடவையையும் சரியான பிளவுஸ் தூக்கி நிறுத்தும். ஆறாயிரம் ரூபாய்ப் புடவையைத் தொளதொளத்த பிளவுஸ் கவிழ்த்துவிடும்.

கையில் சுருக்கம் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கையின் குறை அன்று, ஆர்ம்ஹோலின், அதாவது கையைப் பொருத்தும் வளைவின் குறை. அக்குளில் தொடங்கி மார்பை நோக்கிச் சாய்வாக வரிவரியாக ஓடினால் ஆர்ம்ஹோல் இறுக்கம். தோள் தையல் எலும்பைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கி, அக்குளில் துணி குவிந்தால் தோள் அகலம் கூடுதல். இரண்டாவது தவறைத்தான் பருமனான பெண்களுக்குத் தைப்பவர்கள் அதிகம் செய்கிறார்கள். உடல் பெரிது என்பதற்காகத் தோளையும் சேர்த்துப் பெரிதாக வெட்டிவிடுகிறார்கள். மார்புச் சுற்றளவு 40 அங்குலம் இருக்கும் பெண்ணுக்குத் தோள் சிறியதாக இருக்கலாம். உயரம் குறைந்தவர்களுக்கு அப்படித்தான் பெரும்பாலும் இருக்கிறது. தோள் தையல் சரியாகத் தோளெலும்பின் முனையில் உட்கார்ந்துவிட்டால் மேலுடலின் அகலம் பார்வைக்கு உடனே குறையும்.

இதில் ஒரு பழக்கத்தை விட்டொழிக்கச் சொல்வேன். அளவு பிளவுஸ் என்று பழைய ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதிலுள்ள தவறு அடுத்ததில் ஏறும், அதிலிருந்து அதற்கடுத்ததில் ஏறும். திருமணத்தின்போது தைத்த பிளவுஸின் தவறான தோளைப் பத்து வருடமாகச் சுமந்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். முதலில் ஒன்றை மட்டும் உடம்பில் டேப் வைத்து அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதுவதுபோல் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பிளவுஸின் அடிப்பட்டி மார்பின் மேல் ஏறினால் ஆர்ம்ஹோல் மிகவும் கீழே வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். தாராளமாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோலை இறக்கச் சொல்பவர்கள் பலர். உண்மையில் அக்குளுக்கு நெருக்கமாக வெட்டிய ஆர்ம்ஹோலில்தான் கை எளிதாக உயரும். உட்கார்ந்து, குனிந்து, ஹூக்குகளுக்கு இடையே வாய் பிளக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, இது சரியென்று உறுதியான பிறகு மற்றவற்றைத் தைக்கக் கொடுங்கள்.

கையின் நீளம் உங்களுக்கு முக்கியமானது. கை எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு விழுகிறது. மேற்கையின் மிகப் பருமனான இடத்தில், அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அந்தக் கோடு விழுந்தால் பார்வை அங்கேதான் போகும். முழங்கைக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மேலே முடிப்பது நல்லது. கையின் ஓரத்தில் அகலமான ஜரிகைக் கரையை வைத்துத் தைக்க வேண்டாம். மார்புக்கு நேராக வலமும் இடமும் இரண்டு பட்டைகள் நின்று உடலை அகலமாக்கும்.

டாட், அதாவது மார்பின் வடிவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு, பிடித்த இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். டாட்டின் கூர் முனை மார்பின் உச்சிக்கு முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் முன்பே முடிய வேண்டும். உச்சியிலேயே முடிந்தால் கூம்பாகத் துருத்தும், மேலே ஏறினால் மார்பு இறங்கியதுபோல் தெரியும். டாட் இல்லாமல் நீள் தையல்களால் வடிவம் கொடுக்கும் பிரின்சஸ் கட் எல்லாருக்கும் பொருந்தும் என்று இணையத்தில் சொல்கிறார்கள். கனமான மார்புள்ளவர்களுக்கு மார்புப் பகுதியைக் கிண்ணம்போல் தனித் துண்டாக நன்கு வெட்டிய கட்டோரி பிளவுஸ் அதைவிடத் தாங்கலாக இருக்கும் என்பது என் அனுபவம். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள், இல்லையேல் முதல் சலவையிலேயே உள்ளே சுருங்கி வெளித்துணியைப் பிடித்து இழுக்கும். புடவையின் அடிக்கரையில் உட்புறம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணிக்கும் இதே விதிதான். அடிக்கரை அலையலையாகச் சுருண்டு நிற்கும் புடவைகளில் பெரும்பாலானவை நனைக்காத ஃபால்ஸ் வைத்துத் தைத்தவை.

பிளவுஸின் நிறத்தில் மட்டும் கடைக்காரர்களோடு எனக்கு மாறுபாடு உண்டு. எதிர்நிறப் பிளவுஸ்தான் இப்போது வழக்கம் என்று அடுக்கி வைத்து விற்கிறார்கள். உயரமானவர்களுக்கு அது அழகு. உங்களுக்குப் புடவையின் உடல் நிறத்திலேயோ அதற்கு ஒரு படி அடர்த்தியாகவோ இருந்தால் தோளிலிருந்து பாதம்வரை பார்வை தடைப்படாமல் ஓடும்.


ஒளிக்கற்றை எழுதியது:

சித்தி சொன்ன குறுக்குக் கோட்டைப் பற்றி இயற்பியல் கற்பிப்பவனாக ஒரு செய்தி. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-இலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒரே அளவான இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றொன்றைச் செங்குத்துக் கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடுள்ள சதுரம்தான் உயரமாகவும் ஒடுங்கியும் தெரிகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சன், இது ஆடைக்கும் பொருந்துமா என்று பெண் உருவங்களின் படங்களைக் கொண்டு சோதித்து, 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் குறுக்குக் கோடு உடலைப் பருமனாகக் காட்டுவதில்லை என்று எழுதினார். ஆகவே மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக நிறைந்த புடவையைச் சித்திக்காக ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒற்றை அகலக் கரையின் கதை வேறு. அது பரப்பை நிரப்பும் கோடு அன்று, உடலை இரண்டாகப் பிரிக்கும் எல்லை. ஊடும்பாவும் அவர்கள் சொன்னது அந்த வகையில் சரியே.

கறுப்பைப் பற்றித் தோழி சொன்னதிலும் உண்மை உண்டு. இருண்ட பின்னணியில் இருக்கும் வெளிர் உருவம் அதன் உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட பார்வை மயக்கம். அதற்காக எல்லாவற்றையும் கறுப்பில் வாங்க வேண்டியதில்லை. கருநீலம், அடர் பச்சை, கத்தரிப்பூவின் அடர் நிறம் ஆகியவை அதே வேலையைச் செய்யும். சாக்பீஸ் தூளும் கறுப்பில் தெரிவது போல அப்பட்டமாகத் தெரியாது.

குழுப் புகைப்படத்தைப் பற்றி ஒரு கேள்வி: நீங்கள் வரிசையின் ஓரத்தில் நின்றீர்களா? கைப்பேசியின் கேமராவில் இருப்பது அகன்ற கோண வில்லை. அருகில் நின்று பலரை ஒரே படத்தில் அடக்கும்போது ஓரங்களில் இருப்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகப் பதிவாவார்கள். உயரமான ஒருவர் தன் கண் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் கால்களும் குட்டையாகிவிடும். அந்தப் படத்தை வைத்து உங்கள் தோற்றத்தை எடைபோட வேண்டாம். வீட்டில் யாரையாவது எட்டு, பத்து அடி தள்ளி நிற்கச் சொல்லி, கைப்பேசியை இடுப்பு உயரத்தில் பிடித்து, உங்களை நடுவில் வைத்து எடுத்துப் பாருங்கள். புடவைகளை ஒப்பிடுவதற்கும் அந்தப் படமே உதவும்.


சாக்பீஸ்தூள் எழுதியது:

நானும் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நீங்கள் வேதியியல் ஆசிரியை என்பதால் ஊடும்பாவும் அவர்களின் ஒரு பரிந்துரையை மறுக்க வேண்டியிருக்கிறது. கடைகளில் கிரேப், ஜார்ஜெட் என்று இந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர். ஆய்வக வகுப்பு உள்ள நாளில் அவற்றை உடுத்த வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும் என்றாலும், பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணியானாலும் புன்சன் அடுப்பின் அருகில் முந்தானையைத் தொங்கவிடக் கூடாது; மடித்துத் தோளில் ஊக்குக் குத்தி, பின்புறமிருந்து சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகி, மேலே பருத்தி மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். மேலங்கிக்கு அடியில் அடங்குகிற மெல்லிய நூல் புடவைதான் உங்கள் வேலைக்கு ஏற்றது.

கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டிக் கஞ்சி போட்டு மொடமொடவென்று உடுத்தினால்தான் ஆசிரியைக்கு மதிப்பு என்ற எண்ணம் எங்கள் காலத்தில் இருந்தது. அந்த மொடமொடப்பு உயரம் குறைந்தவர்களை இன்னும் அகலமாக்குகிறது. கஞ்சியை நன்றாக நீர்க்க விட்டு, புடவை லேசான ஈரத்தில் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பும் நிற்கும், துணியும் உடலோடு இறங்கும்.


தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆம், ஒளிக்கற்றை ஐயா. இடது ஓரத்தில் கடைசி ஆளாகத்தான் நின்றேன். நீங்கள் சொன்னபடி தம்பியை எடுக்கச் சொன்ன படத்தில், அதே சேலையிலும்கூட அவ்வளவு மோசமாக இல்லை. இருந்தாலும் இடுப்பில் உப்பல் இருக்கத்தான் செய்கிறது.

மூன்று ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. உள்ளே போகும் அந்த 9 அங்குலத் துணியைக் கட்டும்போது எப்படிச் சமாளிப்பது? கடைகளில் மீன்வால் வடிவில் விற்கும், உடலை இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடை வாங்கலாமா? பட்டுச் சேலைகளுக்காக முன்பு தைத்த ஜாக்கெட்டுகள் நான்கைந்து இருக்கின்றன. எல்லாம் தோள் இறங்கியவை, இரண்டு இறுக்கமாகிவிட்டவை. அவற்றைச் சரிசெய்ய முடியுமா, அல்லது விட்டுவிட வேண்டியதுதானா?


கத்தரிக்கோல் எழுதியது:

முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டத் தொடங்குங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு செருப்பு போட்டால் கணுக்கால் தெரியும், அது உயரத்தை இன்னும் குறைக்கும். உள்பாவாடையைத் தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டுங்கள். கால் பகுதி நீண்டு தெரிவதோடு உள்ளே செருகும் துணியிலும் ஓர் அங்குலம் குறையும். நாடா முடிச்சை வயிற்றுக்கு நேரே போடாமல் இடது பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். முதல் சுற்றைச் செருகும்போது துணியைச் சுருட்டிச் சுருட்டித் திணிப்பதுதான் உப்பலுக்குக் காரணம். நான்கு விரல் அகலமாகத் துணியைத் தட்டையாகப் பிடித்து, உள்ளே நேராக இறக்கிவிட்டு, அடுத்த நான்கு விரலுக்கு நகர வேண்டும். கொசுவத்தைச் செருகிய பிறகு கையை உள்ளே விட்டு அடுக்குகளை விசிறிபோல் இடமும் வலமும் பரப்பிவிடுங்கள். ஒரே இடத்தில் பன்னிரண்டு அடுக்கு நிற்காது. மடிப்புகளை நான்கு, நான்கரை அங்குல அகலத்தில் வைத்தால் ஐந்து போதும். மிஞ்சும் துணியை முந்தானைக்கு விடுங்கள். முந்தானை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கட்டும். தோளில் மடிப்பு நான்கு அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். அடிக்கரை தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்பது, மாடிப்படி ஏறும் பள்ளிக்குப் பாதுகாப்பு.

மீன்வால் ஷேப்வேர் வரவேற்பு நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். நம் ஊர் மே, ஜூன் வெயிலில் நாள் முழுவதும் செயற்கை இழைத் துணியை இறுக்கமாகப் போட்டுக்கொண்டு நிற்பதும் படியேறுவதும் துன்பம், வியர்க்குரு வரும். அதற்குப் பதிலாக ஆறு துண்டாக வெட்டித் தைத்த பருத்தி உள்பாவாடையை உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் சுருக்கம் இல்லாமல், கீழே நடக்க மட்டும் வேண்டிய விரிவோடு இருக்கும். நீளம் புடவையைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாவாடைகள் உங்கள் உயரத்துக்கு நீளமாக இருப்பதால் இடுப்பில் மடித்துக் கட்டுகிறார்கள்; அந்த மடிப்பும் உப்பலில் சேர்ந்துகொள்கிறது.

பழைய பிளவுஸ்களை உள்ளே திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையற்காரர் இருபக்கமும் ஓர் அங்குலமாவது மார்ஜின் துணி விட்டிருப்பார். இறுக்கமான இரண்டையும் அதைப் பிரித்துத் தளர்த்திவிடலாம். பழைய தையலின் தடம் பட்டில் தெரிந்தாலும் கைக்கு அடியில் மறைந்துவிடும். தோள் இறங்கியவற்றுக்குக் கையைப் பிரித்து, தோளில் மிகுந்த துணியை வெட்டி, மறுபடி கையை ஏற்ற வேண்டும். இது அரை நாள் வேலை, கூலியும் ஏறக்குறைய புதிதாகத் தைப்பதில் பாதி ஆகும். ஆகவே அடிக்கடி உடுத்தும் புடவைக்குரிய ஒன்றிரண்டை மட்டும் கொடுங்கள். கழுத்து அகலமாக வெட்டப்பட்டிருந்தால் மட்டும் செலவழிக்காதீர்கள். தோளில் வெட்டிய பிறகு பட்டை மெலிந்து, வழுக்கி விழும். திருநெல்வேலியில் கொடுப்பதானால் பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கினால் எந்தத் தையல் கடையிலும் பழுதுபார்க்கும் வேலையை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள், நான் உட்பட.